பக்கம் அங்கேயேதான் இருக்கும்

பெங்களூரு,
9 ஜூன் 2024

என் ஆஃப்ஷீனுக்கு,

நீயும் அப்பாஸ் அண்ணனும் குட்டி மெஹக்கும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் தொடங்குகிறேன். போன் செய்தால் குக்கர் விசில் அடிக்கிறது என்று பாதியில் வைத்துவிடுகிறாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரல் படம் வருகிறது. அதனால்தான் இந்த மின்னஞ்சல். இதற்காவது ஒழுங்காகப் பதில் எழுது.

சித்தப்பா மகளுக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. அவளுக்காக "ஓசூர் லேடீஸ் ஹாஸ்டல்" என்று தேடினேன். மூன்றாவதாக "ஓசூர் வந்தாச்சு" என்று ஒரு வெப்சைட். திறந்து படித்தால், "குழாயில் தண்ணீர் வரும் என்பார்கள். எத்தனை மணிக்கு வரும் என்று கேளுங்கள்" என்று எழுதியிருந்தது. அந்த வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அசெம்பிளி லைனில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சூப்பர்வைசரைக் கேள்வி கேட்டே ஓட வைத்தவளைத் தவிர வேறு யார் இப்படி எழுதுவார்கள்?

ஏன் என்னிடம் சொல்லவில்லை? நான் பார்க்கிற வேலையே இதுதான். வெப்சைட்டுகளைத் தேடலில் முன்னால் கொண்டுவருவது. எங்கள் ஆபீசில் வேறு வேறு தளங்களிலிருந்து உன் தளத்துக்கு லிங்க் வாங்கிப் போடுவோம்; லிங்க் கூடக் கூடத் தேடலில் மேலே ஏறும். ஆட்கள் அதிகம் தேடும் வார்த்தைகளை வைத்து வாரத்துக்கு இருபது பக்கம் எழுதித் தருவோம். மூன்றாவது இடத்தில் இருக்கிற நீ முதல் இடத்துக்கு வருவாய். மணி சாரிடம், எங்கள் முதலாளிதான், உனக்காகப் பேசுகிறேன். என் தோழிக்கு என்றால் சும்மாவே செய்து தருவார்.

தேன்கனிக்கோட்டையில் அம்மா நன்றாக இருக்கிறாள். போன வாரம் யானை இறங்கி தக்காளித் தோட்டத்தை மிதித்துவிட்டுப் போனது. கேட்டு நான் அழுதேன். "எதுக்கு அழணும், அதுக்கும் பசிதானே" என்று அம்மா தெலுங்கில் என்னைத்தான் திட்டினாள்.

உன்
சுமலதா


மத்திகிரி,
16 ஜூன் 2024

சுமா கண்ணு,

உனக்கும் அம்மாவுக்கும் என் துஆ. கட்டைவிரல் படம் அனுப்பியதற்குச் சேர்த்து இப்போது நீளமாக எழுதுகிறேன்.

உன்னிடம் சொல்லாததற்குக் காரணம் உண்டு. சொன்னால் நீ உடனே உதவ வந்துவிடுவாய். இது எப்படிப் போகிறது என்று முதலில் நானே பார்க்க நினைத்தேன்.

மெஹக் பிறந்ததும் வேலையை விட்டேன் அல்லவா, அப்போது வீடு மாற வேண்டியிருந்தது. பால்பண்ணைப் பக்கம் ஒரு வீட்டுக்காரர் எல்லாம் பேசி முடித்து, சாவி கையில் கொடுக்கும் நேரத்தில் பெயர் கேட்டார். சொன்னேன். "பாய் வூட்டுக்குத் தர்றதில்லமா. தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். அந்தக் கோபத்தில் எழுதியதுதான் முதல் பக்கம். மத்திகிரியில் எந்தத் தெருவில் யாருக்கு வீடு தருவார்கள், எங்கே போய் நின்று அவமானப்பட வேண்டாம் என்று எழுதினேன். என்னைப் போலத் தேடி அலைந்தவர்கள் அதைப் படித்தார்கள். போன் செய்தார்கள். ஒவ்வொரு போனிலும் ஒரு கேள்வி. ஷிப்ட் பஸ் எங்கே நிற்கும்? ஹாஸ்டலில் ஒரிஜினல் சர்டிபிகேட் கேட்கிறார்கள், கொடுக்கலாமா அக்கா? தெரியாததை விசாரித்துச் சொல்வேன். சொன்னதை அப்படியே எழுதிவைப்பேன். தளம் வளர்ந்த விதம் இவ்வளவுதான்.

போய்ப் பார்க்காத இடத்தைப் பற்றி ஒரு வரி எழுதமாட்டேன். சவாரி இல்லாத நேரத்தில் இவர் ஆட்டோவில் கூட்டிப்போவார். எழுதியதோடு விடுவதும் கிடையாது. வீட்டுக்காரர் மாறுவார், போர்வெல் வற்றும், வார்டன் மாறுவாள். மறுபடி போய்ப் பார்த்துத் திருத்துவேன். பழைய பக்கத்தை அப்படியே விட்டால் அது பொய்யாகிவிடும்.

லிங்க் என்றாய். இருக்கிறதே. கிருஷ்ணகிரியில் ஒரு பாலிடெக்னிக்கில் வேலைவாய்ப்பு பார்க்கும் தீர்த்தகிரி சார், தன் மாணவிகளோடு ஓசூர் வந்தபோது என்னைச் சந்தித்தார். ஒரு நாள் முழுக்கக் கூடவே சுற்றினார். அதன்பிறகு கல்லூரியின் வெப்சைட்டில் என் தளத்தைப் போட்டார். நர்ஸ் ரங்கம்மா தொழிலாளிப் பெண்களுக்காக உடல்நலக் குறிப்புகள் எழுதுகிறார், அவரும் போட்டிருக்கிறார். அவர் எழுதுவதை நான் என் பக்கத்தில் சொல்கிறேன். என் முகம் பார்க்காத நூறு தளங்கள் என்னைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லி எனக்கு என்ன ஆகப்போகிறது? தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

மணி சாருக்கு நன்றி சொல். வேண்டாம் என்றும் சொல். உன் தங்கையை என்னிடம் அனுப்பு, நல்ல ரூமாகப் பார்த்து வைக்கிறேன்.

ஆஃப்ஷீன்


பெங்களூரு,
2 செப்டம்பர் 2024

அன்புள்ள ஆஃப்ஷீன்,

தங்கைக்கு நீ பார்த்துக் கொடுத்த ரூம் அவளுக்கு மிகவும் பிடித்துப்போனது. வீட்டுக்காரம்மா ஞாயிற்றுக்கிழமை தோசை கொடுக்கிறாராம். உனக்கு அவள் பெரிய விசிறி ஆகிவிட்டாள்.

இப்போது எழுதப்போவதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, அதனால் நேராகவே சொல்கிறேன். பொன்னிழல் மகளிர் விடுதி எங்கள் வாடிக்கையாளர் ஆகியிருக்கிறது. ஓசூரைச் சுற்றி அவர்களுக்கு ஐந்தாறு கட்டடங்கள். அவர்கள் பெயரைத் தேடினால் அவர்களுடைய வெப்சைட்டுக்கும் மேலே உன் பக்கம் வருகிறது. "பொன்னிழலில் சேருவதற்கு முன்" என்ற பக்கம். கேட்டைப் பூட்டிவைக்கிறார்கள், சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொண்டு தருவதில்லை, காய்ச்சல் வந்த பெண்ணை ஆஸ்பத்திரிக்கு விடவில்லை என்று எழுதியிருக்கிறாய்.

இந்த வேலையை மணி சார் என்னிடம் கொடுத்திருக்கிறார். நான் கிருஷ்ணகிரி மாவட்டம், ஆட்களைத் தெரியும் என்பதால். அந்த ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துவிடு ஆஃப்ஷீன். மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும். எத்தனையோ பக்கங்கள் வைத்திருக்கிறாய், ஒன்று குறைந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

எங்கள் ஆபீசில் ஆட்களைக் குறைக்கிறார்கள். லைனிலிருந்து எழுந்து வந்து, ராத்திரிக் கிளாஸ் படித்து, இந்த நாற்காலியில் உட்கார நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். என்னைத் திரும்ப அந்த லைனுக்கு அனுப்பிவிடாதே.

உன்
சுமலதா


மத்திகிரி,
5 செப்டம்பர் 2024

சுமா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மாடிக்குப் போய்த் துணி காயப்போட்டேன். காய்ந்த துணியையே மறுபடி பிழிந்துகொண்டிருந்தேன் என்று இவர் சிரிக்கிறார்.

பக்கத்தில் அந்தப் பெண்ணின் பெயரை எழுதவில்லை. உனக்கு மட்டும் சொல்கிறேன். வீரலட்சுமி. நாகரசம்பட்டிப் பெண். மாந்தோப்பில் கூலிக்குப் போகும் குடும்பம். என் தளத்தைப் படித்துவிட்டு, "அக்கா, எனக்கு எழுந்து நிக்க முடியல. கேட்டு தொறக்க மாட்டேங்கறாங்க" என்று போன் செய்தாள். மதியம் சாப்பாட்டு நேரம். நாங்கள் ஆட்டோவை எடுத்துக்கொண்டு போனோம்.

கேட்டுக்கு உள்ளே வார்டன், வெளியே நாங்கள். "நீங்க யாரு?" என்றாள்.

"அந்தப் பொண்ணுக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகணும்."

"சொந்தக்காரங்களா?"

"இல்ல."

"அப்ப எதுக்கு வந்தீங்க? ஷிப்ட் இல்லாத பொண்ணுங்கள வெளிய விடக் கூடாது. ஆபீசுல இருந்து லெட்டர் வாங்கிட்டு வாங்க."

வீரலட்சுமி படிக்கட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். பாதியில் உட்கார்ந்துவிட்டாள். இவர் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "தொறக்கறியா, போலீச கூப்பிடவா" என்று கத்தினார். பத்து வருடக் குடித்தனத்தில் இவர் கத்தி நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். தெருவில் கூட்டம் சேர்ந்த பிறகுதான் பூட்டைத் திறந்தார்கள். டெங்கு. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். பிழைத்துக்கொண்டாள். வேலை போயிற்று. சர்டிபிகேட்டைத் திருப்பி வாங்க அவள் அம்மா நடந்த நடை தனிக் கதை.

இதைத்தான் எழுதியிருக்கிறேன். கண்ணால் பார்த்தது. ஒரு வார்த்தை கூட்டவில்லை.

உன் நாற்காலியின் அருமை எனக்குத் தெரியும் சுமா. கிளாசுக்குப் போக நீ ஷிப்ட் மாற்றியபோதெல்லாம் உனக்குப் பதில் நின்றவள் நான். ஆனாலும் எடுக்கமாட்டேன். நாளைக்கு இன்னொரு பெண் அந்த விடுதியின் பெயரைத் தேடுவாள். அவள் கண்ணில் இது பட வேண்டும்.

ஒன்று செய்யலாம். பூட்டை எடுக்கச் சொல், சர்டிபிகேட்டுகளைத் திருப்பிக் கொடுக்கச் சொல். நான் நேரில் போய்ப் பார்க்கிறேன். மாறியிருந்தால் மாறியது என்று தேதி போட்டு மேலேயே எழுதுகிறேன். அதை உன் மணி சாரிடம் சொல்.

ஆஃப்ஷீன்


பெங்களூரு,
11 செப்டம்பர் 2024

ஆஃப்ஷீன்,

மணி சாரிடம் சொன்னேன். பூட்டு அவர்கள் இஷ்டம், நம் வேலை தேடல் மட்டும்தான் என்றார்.

நீ ஜெயிக்க முடியாது. இதை மிரட்டலாக எடுத்துக்கொள்ளாதே, என் தொழில் தெரிந்து சொல்கிறேன். நாங்கள் முப்பது பக்கம் எழுதுவோம், இருநூறு லிங்க் போடுவோம், விடுதியைப் புகழ்ந்து ஊரெல்லாம் விமர்சனம் வரும். உன் பக்கம் எங்கேயோ அடியில் போய்விடும். அதை அப்புறம் யாரும் படிக்கப்போவதில்லை. யாரும் படிக்காத ஒன்றுக்காக என் வேலை போக வேண்டுமா?

நீ எப்போதும் இப்படித்தான். நீ பிடித்தது பிடித்ததுதான். பக்கத்தில் நிற்கிறவள் கால் மிதிபட்டாலும் தெரியாது.

சுமலதா


மத்திகிரி,
24 நவம்பர் 2024

சுமலதாவுக்கு,

நீ சொன்னபடியே ஆயிற்று. தீபாவளிக்கு முன்பே என் பக்கம் இறங்கத் தொடங்கியது. இப்போது பொன்னிழல் என்று தேடினால் நான் கண்ணிலேயே படுவதில்லை. மற்றப் பக்கங்களுக்கும் வருகிறவர்கள் பாதியாகிவிட்டார்கள். விடுதியிலிருந்து வக்கீல் நோட்டீசும் வந்தது. "இவங்க மூஞ்சிக்கு பயந்தா ஆட்டோ ஓட்ட முடியுமா?" என்று இவர் நோட்டீசைப் படித்துவிட்டுச் சவாரிக்குப் போய்விட்டார். தீர்த்தகிரி சாருக்குத் தெரிந்த வக்கீலம்மா மூன்று வரியில் பதில் அனுப்பினார். போட்டோ இருக்கிறது, ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கிறது, கோர்ட்டுக்கு வாருங்கள் என்று. அதற்குப் பிறகு சத்தம் இல்லை.

இதையெல்லாம் புகாராக எழுதவில்லை. சண்டை என்றால் அடி விழும். எழுதுவது வேறு ஒன்றுக்காக.

பொன்னிழலைப் புகழ்ந்து வந்திருக்கும் விமர்சனங்களை ஒன்று விடாமல் படித்தேன். அதில் ஒன்று: "இரண்டு வருடம் இங்கே தங்கினேன். உடம்பு சரியில்லாதபோது வார்டன் அம்மா தாயைப் போலப் பார்த்துக்கொண்டார்." கீழே பெயர்: வீரலட்சுமி, நாகரசம்பட்டி.

இந்தப் பெயரை நான் எங்கும் போட்டதில்லை. உனக்கு எழுதிய கடிதத்தில் மட்டும் எழுதினேன்.

நீயா எழுதினாய்? இதற்கு மட்டும் பதில் சொல்.

ஆஃப்ஷீன்


மத்திகிரி,
9 மார்ச் 2025

சுமலதாவுக்கு,

மூன்று மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. நீ பதில் எழுதவில்லை. இனி எழுதுவதில்லை என்று நானும் இருந்தேன். வீரலட்சுமி சொன்னதால் எழுதுகிறேன். "அந்த அக்காவுக்கும் தெரியட்டும்" என்றாள்.

அந்த விமர்சனத்தை அவளிடம் காட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. உனக்கு எழுதிய மறுநாளே அவளாகவே பார்த்துவிட்டு நேரில் வந்தாள். இப்போது ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். அழுவாள் என்று நினைத்தேன். செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள்: "என் பேர அவங்க எடுத்துக்கிட்டாங்க இல்ல? இப்ப நானே போட்டுக்கறேன். என் போட்டோவும் போடுங்க."

"ஊர்ல பேசுவாங்களே?" என்றேன்.

"பேசட்டும். காய்ச்சல் வந்தது எனக்கு. பூட்டினது அவங்க. நான் எதுக்கு ஒளியணும்?"

அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அவள் பெயரில், அவள் முகத்தோடு வந்தது. நாகரசம்பட்டியில் அவளோடு படித்த பெண்கள் பகிர்ந்தார்கள். ரங்கம்மா, டெங்கு பற்றிய தன் பக்கத்தில் அதைச் சொன்னார். வேறு இரண்டு கல்லூரிகளிடம் தீர்த்தகிரி சார் பேசினார். ஆனேக்கல்லில் ஒரு பள்ளிக்கூட டீச்சர், என்னை அவருக்கு முன்பின் தெரியாது, கன்னடத்தில் எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டு எழுதினார். இவர்கள் யாருக்கும் நான் எதுவும் கொடுக்கவில்லை. இத்தனை நாள் அவர்கள் கேட்டதற்குப் பதில் சொல்லியிருக்கிறேன், அவர்கள் அனுப்பிய பெண்களுக்கு இடம் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். அவ்வளவுதான்.

விடாமல் மற்றப் பக்கங்களையும் எழுதிக்கொண்டிருந்தேன். வருகிறவர்கள் குறைந்தால் வேலையும் குறையுமா என்ன? வாடகைக்கு அலைகிறவர்கள் அப்படியேதானே அலைகிறார்கள். போன மாதம் தளத்துக்கு யார் என்ன தேடி வருகிறார்கள் என்று கணக்குப் பார்த்தபோது ஒன்று புரிந்தது. பாதிப்பேர் ஹாஸ்டல் என்று தேடி வரவில்லை. "ஓசூர் வந்தாச்சு பொன்னிழல்", "ஓசூர் வந்தாச்சு சிப்காட் ரூம்" என்று என் தளத்தின் பெயரையும் சேர்த்தே தேடுகிறார்கள். பஸ்ஸில் ஒருத்தி இன்னொருத்திக்குச் சொல்லி வந்த பெயர். இதற்கு மேலே எந்த முப்பது பக்கத்தைக் கொண்டுவந்து வைப்பீர்கள்?

பொன்னிழலில் சேர ஆள் குறைந்துவிட்டது போலிருக்கிறது. முதலாளி மாரிசாமி நேரிலேயே வந்தார். திருநெல்வேலிக்காரர். "பூட்ட எடுத்தாச்சும்மா, சர்டிபிகேட்டையும் குடுத்தாச்சு. அந்தப் பக்கத்த எடுத்திருங்க" என்றார். வீரலட்சுமியையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். பூட்டு இல்லை. பெண்கள் சர்டிபிகேட்டைக் கையில் எடுத்துக் காட்டினார்கள். இன்ன தேதியில் பார்த்தோம், மாறியிருக்கிறது என்று மேலே எழுதினேன். பழையதை எடுக்கவில்லை. "அதான் மாத்திட்டோமே" என்றார். "எதனால மாத்துனீங்கன்னு அடுத்து வர்ற பொண்ணுக்குத் தெரியணும் இல்ல" என்றேன்.

இவ்வளவுதான் சொல்ல வந்தது. பதில் வேண்டும் என்று கேட்கவில்லை.

ஆஃப்ஷீன்


தேன்கனிக்கோட்டை,
30 மார்ச் 2025

ஆஃப்ஷீன்,

ஊர்ப் பெயரைப் பார்த்திருப்பாய். பெங்களூரு வேலை இல்லை.

அந்த விமர்சனத்தை நான் எழுதவில்லை. ஆனால் பெயர் என் வழியாகத்தான் போனது. உன் செப்டம்பர் கடிதத்தை அப்படியே மணி சாருக்கு அனுப்பினேன். இது நடந்தது உண்மை, இந்த வாடிக்கையாளர் நமக்கு வேண்டாம் என்று சொல்வதற்காக. அவர் அதிலிருந்து எடுத்துக்கொண்டது பெயரை மட்டும். உன் நவம்பர் கடிதம் வந்த பிறகுதான் எனக்கே தெரியும். போய்க் கேட்டேன். "பேரு நிஜமா இருந்தாத்தான் நம்புவாங்க" என்றார். அவர் எதிரிலேயே அந்த விமர்சனத்தை அழித்தேன். மீதி விமர்சனங்களும் பொய் என்று விடுதிக்காரருக்கும் எழுதினேன், மணி சாருக்கு நகல் வைத்து. மறுநாளே போகச் சொல்லிவிட்டார். போய்விட்டேன். அழவில்லை.

உனக்கு ஏன் எழுதவில்லை என்றால், எழுதினால் அது மன்னிப்புக் கேட்பது போல ஆகும். வெறும் வார்த்தையோடு உன் முன்னால் வந்து நிற்க எனக்கு மனமில்லை. உன்னைக் கேட்காமல் உன் கடிதத்தை அனுப்பியது தப்பு. நல்லதுக்குத்தான் அனுப்பினேன் என்று சொல்லித் தப்பிக்கவும் மாட்டேன்.

இதோடு ஒன்று இணைத்திருக்கிறேன். பொன்னிழல் பக்கம் முழுவதும் தெலுங்கில். எங்கள் ஊரிலிருந்தும் ஆந்திராவின் குப்பம் பக்கமிருந்தும் வேலைக்கு வருகிற பெண்களுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அவளோடு படித்த பெண்களிடம் நம்பர் வாங்கி, வீரலட்சுமியிடம் போனில் கேட்டுக்கொண்டுதான் செய்தேன். முதலில் என்னை நன்றாகத் திட்டினாள். பிறகு, "எழுதுங்க" என்றாள்.

நீ போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி. போட்டால் கீழே என் பெயரைப் போடு. முழுப் பெயர், ஊரோடு. இந்த ஊரில் எனக்கு வேலை தருகிறவர்கள் அதைப் படித்துவிட்டே தரட்டும்.

சுமலதா


மத்திகிரி,
2 ஏப்ரல் 2025

சுமா,

போட்டுவிட்டேன். பெயர், ஊர், எல்லாம். அப்பாஸ் ஆட்டோ ஸ்டாண்டில் தெலுங்கு தெரிந்த டிரைவர்களைப் படிக்கச் சொன்னாராம். இரண்டு இடத்தில் பிழை சொல்கிறார்கள், நீயே பார்த்துத் திருத்து.

அந்தக் கடிதத்தை நீ அனுப்பியது எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆற நாளாகும். அதுவரை உன்னை வேலை வாங்காமல் விடுவேன் என்று நினைக்காதே.

ஞாயிற்றுக்கிழமை அத்திப்பள்ளிப் பக்கம் புது ஹாஸ்டல் ஒன்று பார்க்க வேண்டும். வார்டனுக்குக் கன்னடமும் தெலுங்கும்தான் வருமாம், கேள்வி கேட்க ஆள் வேண்டும். முதல் பஸ்ஸிலேயே வந்துவிடு. நல்ல செருப்பாகப் போட்டுக்கொண்டு வா, நான்கு மாடி, லிஃப்ட் இல்லை.

ஆஃப்ஷீன்